சின்ன வண்டி போய்ப் பெரிய வண்டி வந்த கதைக்கு நன்றி

கொடுமுடி, ஊஞ்சலூர், பாசூர், சாவடிப்பாளையம் வட்டாரத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஈரோடு–கரூர் ரயில் பாதையின் பழைய கதையை அட்டைகளில் எழுதி, ஊஞ்சலூரில் மூன்று நாட்கள் பார்வைக்கு வைத்திருந்தோம். வந்தவர்கள் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தைச் சேர வேண்டியவர்களிடம் சேர்க்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் பாசூர் ஆத்தாவுக்கு. மோர் கொடுத்து உட்காரச் சொன்னவரிடம் பேச்சுவாக்கில் வயதைக் கேட்டேன். "ஆதார் அட்டையில் என்னவோ போட்டிருக்கிறார்கள், சாமி. சின்ன வண்டி போய்ப் பெரிய வண்டி வந்த மறு வருசம் நான் பிறந்ததாக எங்கள் அம்மா சொல்லுவாள்" என்றார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. திருச்சி–ஈரோடு பாதை அகலப்பாதையாக மாறியது 1929-ஆம் ஆண்டு. அப்படியானால் ஆத்தா பிறந்தது 1930. நான் ஏடுகளில் தேடி எடுத்த ஆண்டை ஒரு தாய் தன் மகள் பிறந்த கணக்காகச் சொல்லி வைத்திருக்கிறாள். கண்காட்சியின் முதல் அட்டையில் ஆத்தாவின் சொல்லைத்தான் எழுதினேன்.

கண்காட்சிக்கு வர முடியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக 1862-இல் திருச்சி வரை பாதை போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி. அதே ஆண்டில் சென்னையிலிருந்து சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை மெட்ராஸ் ரயில்வேயின் வண்டி ஓடத் தொடங்கியது. இரண்டையும் இணைக்க, திருச்சியிலிருந்து காவிரியின் தென்கரையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். 1866-இல் கரூர், 1868-இல் ஈரோடு. அமராவதியையும் நொய்யலையும் தாண்டும் இந்தப் பாதை காவிரியை மட்டும் ஓரிடத்திலும் தாண்டுவதில்லை.

அன்று போட்டதே, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்தரை அடி இடைவெளி உள்ள அகலப்பாதைதான். இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்று வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், 1870-இல், அந்த இடைவெளியை ஒரு மீட்டராகக் குறைத்த மீட்டர் பாதை என்ற கொள்கை வந்தது. 1874-இல் தென்னிந்திய ரயில்வே என்று புதுப் பெயர் பெற்ற கம்பெனி, 1879-க்குள் நம் பாதையையும் மீட்டர் அளவுக்குக் குறுக்கிவிட்டது. பிறகு ஐம்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் அகலமாக்கினார்கள். அகலமாகப் போட்டு, குறுக்கி, திரும்பவும் அகலமாக்கிய பாதை இது. அந்த ஐம்பது ஆண்டுதான் ஆத்தாவின் அம்மா சொன்ன "சின்ன வண்டி"க் காலம்.

அந்தக் காலத்தின் பாரம் எவ்வளவு என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அன்பர். தன் அப்பாரு, அதாவது தாத்தா, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர் என்று சொல்லி, வீட்டில் பத்திரமாக வைத்திருந்த கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிடி தேய்ந்து, விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஈரோட்டில் இரண்டு பாதைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன; ஆனால் ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது. 1908-இல் இரண்டும் ஒரே கம்பெனியின் கைக்கு வந்த பிறகும் அதே நிலைதான். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த சரக்கு சேலத்துக்கோ போத்தனூருக்கோ போக வேண்டுமானால், ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். கொள்கை வகுத்தவர்கள் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈரோட்டுத் தொழிலாளிகளின் முதுகு கணக்குத் தீர்த்தது என்றே நான் நினைக்கிறேன்.

தண்டவாளத்தை நடந்தே சோதித்துப் பராமரித்து ஓய்வு பெற்ற கீமேன் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுபதைத் தாண்டிய மனிதர், முழங்கால் வலியோடு ஊஞ்சலூரிலிருந்து கொடுமுடி வரை பாதையோர மண் தடத்தில் என்னோடு நடந்தார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் ‘சாவி’ என்ற இரும்புத் துண்டு கழன்றால் சுத்தியலால் தட்டி இறுக்குவது, கோடை வெயிலில் தண்டவாளம் நெளிகிறதா என்று பார்ப்பது, மழைக்கால இரவில் விளக்கோடு ரோந்து போவது எல்லாவற்றையும் நடந்தபடியே விளக்கினார். ஈரோடு வண்டி கடந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார். "ஒரு ஜாயிண்ட் கொஞ்சம் தட்டுகிறது" என்றார். பணி முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் காது ஓய்வு பெறவில்லை.

தகவல் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதியும் பதில் வராமல் சோர்ந்திருந்தபோது, வழி காட்டியவர் ஒரு நூலகர். "ஈரோடு 1979 வரை கோயமுத்தூர் மாவட்டம், கரூரும் 1910 வரை அப்படித்தான். அந்தப் பெயரில் தேடுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தியது.

சிறுமியாக இருந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் ரயிலில் பாடியதைக் கேட்டு, ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி. நடேச ஐயர் நாடகத்துக்கு அழைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அவர் பிறந்தது 1908. ஆகவே அது மீட்டர் பாதை வண்டியாகத்தானே இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்ன தமிழாசிரியை அம்மாவுக்கும் நன்றி. கேட்டுப் பழகிய கதை அன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அட்டைகளைக் கூலி வாங்காமல் அச்சிட்டுத் தந்த அச்சகத் தம்பிக்கும், மூன்று நாளும் தேநீர் தந்த கடைக்காரருக்கும் என் வணக்கம்.

மண் வெட்டிக் கல் சுமந்து இந்தப் பாதையைப் போட்டவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் கடைசி அட்டையில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை கேட் கீப்பர் ஒருவரின் மகள் பேனா கேட்டு வாங்கித் தன் தந்தையின் பெயரை அதில் எழுதினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். மூன்றாம் நாள் முடிவில் 41 பெயர்கள் இருந்தன.

அந்த அட்டை இப்போது என் வீட்டுத் திண்ணைச் சுவரில் இருக்கிறது. இன்னும் இடம் இருக்கிறது. கண்காட்சிக்கு நீங்கள் தந்த கொக்கியையும் கைவிளக்குகளையும் புகைப்படங்களையும் உரியவர்களிடம் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.