மழைக்குப் பின் மண்ணில் கிடைப்பது சிசிலியன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பிடித்ததும், ஏலத் தோட்டம், காப்பித் தோட்டம், குப்பைக்குழி என்று மண்ணைக் கிளறும் இடங்களில் காலில்லாத, வழவழப்பான பிராணி ஒன்று வெளிப்படுவதுண்டு. மண்வெட்டியால் ஓர் அடி, இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பு. அதோடு அதன் ஆயுள் முடிகிறது. படம் எடுத்துப் போடுபவர்களும் ‘இருதலைப் பாம்பு’ என்றே தலைப்பிடுகிறார்கள். அது சிசிலியன், தவளை, தேரைக்கு உறவு. விலங்கியல் பாடநூலில் ஒற்றை வரியில் வந்துபோகும் ‘இக்தியோபிஸ்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

அடையாளம் காண்பது எளிது. உடல் நெடுக நெருக்கமான வளையங்கள் ஓடும். தோல் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். பார்க்க இதைப் போலவே இருக்கும் சின்னப் பாம்பான புழுப்பாம்புக்கு வளையம் கிடையாது; காய்ந்த செதில் பளபளக்கும், நாக்கை நீட்டும். சிசிலியனுக்கும் சில இனங்களில் செதில் உண்டு, ஆனால் அது வளைய மடிப்புக்குள் புதைந்திருப்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மண்புழுவா என்ற சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். மண்புழுவுக்குத் தாடையே இல்லை; இதற்கு எலும்புத் தாடையும், உள்நோக்கி வளைந்த பற்களும் உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு சிறு உணரிழை வெளியே நீண்டு, உள்ளே சுருங்கும். இருட்டு மண்ணில் வாசம் பிடிக்க உதவும் இந்த உறுப்பு வேறெந்த முதுகெலும்பிக்கும் கிடையாது.

அதன் தீனி மண்புழு, கரையான் போன்றவை. வேரைக் கடிக்கிறது என்று அடிப்பதில் அர்த்தமே இல்லை. மனிதரைக் கடித்து நஞ்சேற்றும் பிராணியும் அல்ல. தோலின் சுரப்பு கண்ணில் பட்டால் எரியக்கூடும். தொட்டபின் கையைக் கழுவினால் போதும்.

உப்பு ஏன் கொல்கிறது? நுரையீரலோடு தோலாலும் மூச்சுவிடுவதால் அந்தத் தோல் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். உப்பு உடல் நீரை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். வெயிலில் கிடந்தால் சற்று நேரத்திலேயே துவண்டுபோகும். ஆகவே காய்ந்த கையால் பிடிக்காதீர்கள், வாளியில் போட்டு வேடிக்கை காட்டாதீர்கள். ஈரமண்ணோடு சேர்த்து அள்ளி, கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிழலில் மண்ணைப் பொலபொலவென்று கிளறி, மேலே விட்டுவிடுங்கள். கெட்டியான மண்டையோட்டால் முட்டித் தானே உள்ளே போய்விடும். குழியில் போட்டு மண்ணை மிதிப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள், பிராணி நசுங்கிவிடுகிறது.

முட்டைகளைச் சுற்றிச் சுருண்ட தாயைக் கண்டால் எதையும் எடுக்கவே கூடாது. பெயர்த்த மண்கட்டியை அப்படியே திரும்ப மூடுங்கள். தாய் விலகினால் முட்டை காய்ந்தோ பூஞ்சை பிடித்தோ கெட்டுவிடும். இக்தியோபிஸ் முட்டையிடுவது நீரோரத்து ஈரமண்ணில். பொரித்த குஞ்சு ஓடைக்கோ ஊற்றுக்கசிவுக்கோ இறங்கி நீரில் வளர்ந்து, பிறகு மண்ணுக்குத் திரும்பும். தோட்டத்து ஊற்று வாய்க்காலின் இரு கரையையும் கான்கிரீட்டால் பூசினால் இந்தப் போக்குவரத்து அறுந்துவிடும். தண்ணீர் எடுக்கும் இடத்தில் மட்டும் பூசி, மற்ற கரையை மண்ணாகவே விட முடியும். ஜெஜெனியோபிஸ் வகையைச் சேர்ந்தவற்றுக்கு இந்த நீர்வாழ் குஞ்சுப் பருவமே இல்லை. அவற்றுக்கு மண்ணை மூடிக் கிடக்கும் சருகு மூடாக்குதான் உயிர். சருகை எரித்து, களைக்கொல்லி அடித்துத் தரையை மொட்டையாக்கினால் மேல்மண் இறுகிக் காய்கிறது, இரையும் குறைகிறது.

படம் எடுப்பவர்களுக்கும் ஒன்று. முழு உடலின் ஒரு படத்தை வைத்து இனம் சொல்வது கடினம். தலையின் பக்கவாட்டுத் தோற்றம் வேண்டும்: உணரிழை கண்ணுக்கு அருகில் இருந்தால் இக்தியோபிஸ், மூக்குத் துளைக்குக் கீழே முன்தள்ளி இருந்தால் யூரியோடிப்லஸ் என்ற இன்னொரு சிசிலியன் வகை. கழிவுத் துளை தெரியும்படி உடல்முனையின் அடிப்பக்கமும் வேண்டும். அதற்குப் பின்னால் குட்டி வால் இருக்கிறதா என்பது முக்கியம், ஜெஜெனியோபிஸுக்கு வால் இல்லை. உடலின் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை ஓடினால் அதையும் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். அத்தகைய படம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், தலைப்பில் ‘பாம்பு’ வேண்டாம், ‘சிசிலியன்’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
மலைத்தோட்டப் பகுதி வாசகர்கள்