தனித் தட்டு, பொது பிளேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் மும்பையிலுள்ள போதை மீட்பு இல்லம் ஒன்றைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். யோகா, தோட்ட வேலை, காலைப் பிரார்த்தனை எல்லாம் படித்தேன். சந்தோஷம். மூன்றாவது பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "சேர்க்கும்போதே அனைவருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயமாகச் செய்து, தொற்று உள்ளவர்களைத் தவிர்த்துவிடுவதால் பெற்றோர் நிம்மதியாகப் பிள்ளைகளை விட்டுச் செல்லலாம்." தங்கள் நிருபர் இதைப் பாராட்டாக எழுதியிருக்கிறார். தாங்களோ அதையே பொறுக்கி எடுத்து, பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

எந்தப் பெற்றோர் என்று கேட்கலாமா? தவிர்க்கப்பட்ட பிள்ளைக்கும் பெற்றோர் உண்டு.

எச்.ஐ.வி. சட்டம் 2017-ல் நிறைவேறியதும், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்ததும் தாங்கள் அறியாததல்ல. அதை வரவேற்று அப்போது தலையங்கமே எழுதினீர்கள். விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது, முடிவை அவர் அனுமதியில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, சிகிச்சை தருவதற்கு நிபந்தனையாகச் சோதனையைக் கேட்கவே கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆக, தாங்கள் கட்டம் கட்டிக் கொண்டாடியது ஒரு சட்ட மீறலை. தலையங்கம் எழுதுகிறவரும் கட்டுரை பார்க்கிறவரும் ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பதில்லை போலும்.

சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். போதை ஊசி போடுகிறவர்களை மட்டும் எடுத்தால் அது பல மடங்கு. ஹெபடைடிஸ் சி ஊசி வழியாக அதைவிடச் சுலபமாகத் தொற்றும். சிரிஞ்சில் ஒட்டிய ரத்தத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே போனபின் வருஷக்கணக்கில் ஒரு வலி, ஒரு காய்ச்சல் காட்டாமல் ஈரலைத் தின்னும். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே போதை சிகிச்சைக்கு வருகிறவரைச் சோதிக்காமல் அனுப்புவதுதான் பாவம். ஆனால் சோதிப்பது எதற்காக? மருந்து கொடுப்பதற்கா, வெளியே தள்ளுவதற்கா?

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று தோன்றலாம். ரயில்வேயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. என் தங்கை மகன் கர்த் அடிமை. சென்னை வாசகர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே பிரவுன் சுகருக்கு, அதாவது மட்ட ரக ஹெராயினுக்கு, அதுதான் பெயர். அடிக்கிறவனுக்கு கர்துல்லா என்று பெயர். முதலில் ஈயத்தாளில் வைத்துப் புகைத்தான், பிறகு ஊசி. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் என்ற முறையில் நான்தான் ஒரு மீட்பு இல்லத்தில் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டுச் சேர்த்தேன். தங்கள் கட்டுரையில் வருவது அல்ல, வேறு ஒன்று. பெயர் வேண்டாம்.

சேர்த்த அன்றே ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "ரொட்டீன் அங்க்கிள்" என்றார் அந்தப் பையன். சம்மதம் கேட்டதாகவோ, பாசிட்டிவ் வந்தால் என்ன, நெகட்டிவ் வந்தால் என்ன என்று உட்கார வைத்துப் பேசியதாகவோ கிடையாது. எச்.ஐ.வி. இல்லை, ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று வந்தது. அதை மருமகன் எப்படித் தெரிந்துகொண்டான் தெரியுமா? ஹாலில் எல்லோரும் இருக்க, ரிஜிஸ்டரைப் பார்த்து ஒருவர் உரக்க வாசித்தாராம்.

பார்க்க அனுமதித்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பாட்டு வரிசை. எல்லோர் கையிலும் எவர்சில்வர் தட்டு. இவன் தட்டின் விளிம்பில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு, தம்ளரிலும் அதே கோடு. அதைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்டால், "மத்தவங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதில்ல மாமா" என்று அவனே எனக்குச் சமாதானம் சொல்கிறான். சாப்பாட்டில், தம்ளரில், தொட்டுப் பேசுவதில் இந்தக் கிருமி பரவாது, ரத்தத்தின் வழியாகத்தான் பரவும் என்று அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் சாப்பாடு முடிந்து பின்பக்க வராந்தாவுக்குப் போனால், வாராந்தர ஷேவிங் நடக்கிறது. ஒரு பிளாஸ்டிக் மக், ஒரே ரேஸர். ஒருவர் முடித்ததும் மக்கில் ஒரு முக்கு முக்கி அடுத்தவர் கையில் கொடுக்கிறார். தட்டில் சிவப்புக் கோடு போட்ட அதே பிள்ளையும் அந்த வரிசையில் நின்று, அதே ரேஸரில் சவரம் செய்துகொண்டான். கழுத்தில் கீறிக்கொண்டு ரத்தத்தைத் துண்டால் ஒற்றினான். ரேஸர் அடுத்தவருக்குப் போயிற்று.

தங்கள் கட்டுரைப்படி பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா, இருக்கட்டும்.

பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். ஆளுக்கு ஒரு பிளேடு என்றால் என்ன செலவாகிவிடும், நானே ஒரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். எனக்குக் கிடைத்த பதில், சில வாரம் கழித்து வந்த போன். "லிவர் கேஸ், நாங்கள் பொறுப்பேற்க முடியாது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்." எச்.ஐ.வி. என்றால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடலாம். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படித் தனிச் சட்டமும் கிடையாது. பாதி சிகிச்சையில் வெளியே வந்தவன் என்ன செய்வான்? வந்த வாரமே மறுபடியும் கர்த்.

பிறகு ஒரு அரசு ஆஸ்பத்திரியில், லேப் வாசலில் நின்றபடியே ஒரு பெண் ஊழியர் எனக்குச் சொன்ன விஷயங்களை, பணம் வாங்கிய இல்லத்தில் ஒருவரும் சொல்லவில்லை. முதல் சோதனை காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளை, மட்டும்தான். கிருமி எப்போதாவது உடம்பில் நுழைந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. இப்போதும் இருக்கிறதா என்று பார்க்க ஆர்.என்.ஏ. சோதனை, அதாவது வைரல் லோட், தனியாக எடுக்க வேண்டும். சிலருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுவதும் உண்டு. இருந்தால் சோஃபோஸ்புவிர், டக்லாட்டஸ்விர் என்று இரண்டு மாத்திரைகள், தினம் ஒரு வேளை, 12 வாரம். ஈரல் சுருங்கியிருந்தால் மருந்தோ காலமோ மாறலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிறது. 2013-ல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். இங்கே 2018 ஜூலை 28 முதல், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

இலவசம், ஐயா! அந்த மீட்பு இல்லத்தில் ஒரே ஒருவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

இன்னொன்று. எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று வந்ததோடு விஷயம் முடியவில்லை. ஊசியைப் பகிர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் சோதனையில் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதையும் அந்தப் பெண்தான் சொன்னார். சேர்க்கும்போது ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டால் "மற்றவர்களுக்குப் பயமில்லை" என்று எழுதிய தங்கள் நிருபர் இதையெல்லாம் யாரிடம் கேட்டார்?

மருமகன் மருந்து முடித்தான். பின்பு எடுத்த வைரல் லோடில் கிருமி இல்லை. ஆனால் ஆன்டிபாடி ரத்தத்தில் நின்றுவிடும். சாதாரண சோதனையில் இனியும் பாசிட்டிவ் என்றே காட்டும். துபாய் வேலைக்கு மெடிக்கல் போனான், தள்ளிவிட்டார்கள். மீட்பு இல்லத்தில் சிவப்புக் கோடு போட்டவர்களைச் சொல்வதா, இவர்களைச் சொல்வதா?

எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி ஹெபடைடிஸ் சி பற்றிக் கேட்டதற்கு, தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. தடுப்பூசி இருப்பது 'பி'-க்கு, 'சி'-க்குக் கிடையாது. உடனே கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. பதிலாக அடுத்த இதழில் கீழாநெல்லியின் மகிமை இரண்டு பக்கம் வந்தது. அதற்கு முன், சயான் பாலத்தடியில் ஊசி போடும் பையன்களின் படத்தை முகம் மறைக்காமல் போட்டீர்கள். அதில் ஒருவனின் தாயார் எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலை செய்பவர். அந்த மாதம் அவருக்கு இரண்டு வீடு போயிற்று. போதை என்றால் தங்களுக்கு டாஸ்மாக் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளை இங்கே தின்றுகொண்டிருப்பது கர்த்தும், பட்டன் என்கிற தூக்க மாத்திரையும், எம்.டி. என்கிற மெஃபெட்ரோன் பொடியும். மும்பைப் பக்கம் ஒன்று இருந்தது, அதையும் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். சந்தாவை மட்டும் ஏற்றினீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மீட்பு இல்லக் கட்டுரை முடியும் பக்கத்திலேயே கால் பக்க விளம்பரம்: "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம், பத்தே நாளில் மறப்பார்." கட்டுரையில் சம்மதமில்லாத சோதனை, விளம்பரத்தில் சம்மதமில்லாத மருந்து. பக்க அமைப்பாளருக்கு என் பாராட்டுகள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வாக்கியம் தவறு என்று அடுத்த இதழில் ஒரு வரி. அதன் கீழே, ஹெபடைடிஸ் சி-க்கான மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்று ஒரு வரி, எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097, போதை சிகிச்சை பற்றிக் கேட்க 14446 என்று இன்னொரு வரி. விளம்பரத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. குறைந்தபட்சம் வேறு பக்கத்துக்கு மாற்றலாம்.

இக்கடிதத்தை வெளியிடுவதானால் பெயரைப் போட வேண்டாம். போனமுறை தடுப்பூசி பற்றி எழுதியதைப் போடாமல், ரயில்வே பாஸ் பற்றி எழுதியதைப் பெயர், கட்டட எண் சகிதம் போட்டீர்கள். இந்த முறை ஊர் மட்டும் போதும். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
சயான் கோலிவாடா, மும்பை