தலைவர் தெரிவுக்கு முன் பொதுச்சபைப் பட்டியலை மூடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் கட்சிகளுக்கு அடுத்த தலைவர் யார் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. பெயர்கள் பல அடிபடுகின்றன. யார் வரவேண்டும் என்பதைப் பற்றி இக்கடிதத்தில் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வாக்களிக்க உரித்துடையவர்கள் யார் யார் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தீர்த்துவைக்காமல் இன்னொரு முறை மண்டபத்தில் கூடினால், 2024இல் திருகோணமலையில் தொடங்கிய சிக்கல் வேறு பெயரில் திரும்பி வரும். அதைத் தவிர்க்க வழி இருக்கிறது என்பதால் எழுதுகிறோம்.

நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்துகிறோம். 2024 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் பதவிக்கு, கிளைகளின் பிரதிநிதிகள் கூடும் பொதுச்சபையில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. 1949இல் தொடங்கிய கட்சியில் தலைவர் பதவி வாக்குப்பெட்டிக்குப் போனது அதுவே முதல் தடவை. களத்தில் மூவர் இருந்து ஒருவர் விலகிக்கொள்ள, சிவஞானம் சிறீதரன் 184 வாக்குகளும் எம்.ஏ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். அன்று மாலை எல்லோரும் முடிவை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கிழமை செல்லவில்லை. 27ஆம் திகதி பொதுச்செயலாளர் தெரிவில் இணக்கம் குலைந்தது, மறுநாள் நடக்கவிருந்த தேசிய மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பெப்ரவரியில் திருகோணமலை, யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றங்களில் வழக்குகள் வந்தன. இடைக்காலத் தடையும் வந்தது. பெப்ரவரி 19இல் இங்கே திருகோணமலையில் கூடவிருந்த மாநாடும் நின்றுபோனது. தெரிவான தலைவர் பொறுப்பேற்க முடியவில்லை. அதற்குப் பிறகு கட்சி பதில் தலைவர், பதில் பொதுச்செயலாளர் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 184ஐயும் 137ஐயும் பிழையாக எண்ணினார்கள் என்று எவரும் நீதிமன்றம் போகவில்லை. பொதுச்சபை கட்சி யாப்பின்படி, அதாவது கட்சியின் விதிகளின்படி, அமைந்ததா, வாக்களித்தவர்கள் எல்லோரும் யாப்புப்படி உறுப்பினர்களா என்ற கேள்விதான் வழக்காகியது. வாக்கெடுப்பு முடிந்தபின் இந்தக் கேள்வியை எழுப்பினால் அதற்கு நல்ல பதில் கிடையாது. 47 வாக்கு வித்தியாசத்தில் வந்த முடிவில் எத்தனை பேர் உரித்தற்றவர்கள், அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று இரகசிய வாக்கெடுப்பில் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே முழுத் தெரிவையும் வைத்திருக்க வேண்டும், அல்லது முழுதாக இரத்துச்செய்ய வேண்டும்.

பட்டியல் எங்கே பழுதாகிறது என்பதைச் சொல்கிறோம். மூலக்கிளையில் அங்கத்துவப் படிவம் நிரப்பப்படுகிறது. மூலக்கிளைகள் தொகுதிக் கிளைக்குப் பிரதிநிதிகளை அனுப்புகின்றன, அங்கிருந்து பொதுச்சபைக்கு ஆட்கள் போகிறார்கள். இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் கூட்ட அறிக்கை இருக்க வேண்டும்: கூடிய திகதி, வந்தவர்களின் கையொப்பம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். பல கிளைகளில் கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது என்று கேட்டால் கொப்பி இல்லை. கொப்பி இல்லாத கிளையிலிருந்து வந்த பிரதிநிதியை ஒரு தரப்பு "நீண்டகால உறுப்பினர்" என்னும், மறு தரப்பு "நேற்றுச் சேர்த்தவர்" என்னும். இரண்டையும் நிரூபிக்கக் காகிதம் கிடையாது.

அடுத்தது இரட்டைப் பதிவு. ஒரே ஆள் பழைய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு இடத்திலும் புதிய 12 இலக்க எண்ணோடு இன்னொரு இடத்திலும் பதிவாகியிருப்பார். பெயரை வைத்துப் பிடிக்க முடியாது. ஓரிடத்தில் "சிவகுமார்", மற்ற இடத்தில் "சிவக்குமார்", முதலெழுத்தும் ஒன்று கூடிக் குறைந்திருக்கும். எல்லாப் பழைய எண்களையும் முதலில் புதிய வடிவத்துக்கு மாற்றவேண்டும். முன்னால் 19 சேர்க்க வேண்டும், பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட வேண்டும், கடைசி எழுத்தை நீக்க வேண்டும். உதாரணத்துக்கு 651234567வி என்பது 196512304567 ஆகும். பிறகு கணினியில் எண் வரிசைப்படி அடுக்கினால் இரட்டைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சில நூறு பெயருக்கு இது ஒரு பின்னேர வேலை. கிளை அலுவலகச் சுவரில் ஒட்டும் பிரதியில் முழு எண்ணையும் போடக்கூடாது. கடைசி நான்கு இலக்கம் போதும்.

காலக்கணக்கு இப்படி இருக்கலாம் என்பது எங்கள் முன்மொழிவு. வாக்கெடுப்புக்கு 60 நாளுக்கு முன் பட்டியல் மூடப்படுகிறது. அதன்பின் எந்தக் காரணத்துக்காகவும் பெயர் ஏறாது. 45 நாளுக்கு முன் எல்லாத் தொகுதிகளிலும் ஒட்டப்படுகிறது. ஆட்சேபனைக்கு 14 நாள். வேட்பாளர் எவருக்கும் உறவினரோ கீழ்ப்பட்டவரோ அல்லாத மூவர் ஆட்சேபனைகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் சொல்லி 10 நாளில் முடிவு தருகிறார்கள். அந்த இறுதிப் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா வேட்பாளர்களும் ஒப்பமிடுகிறார்கள். ஒப்பமிட்ட பட்டியலை எதிர்த்துப் பிறகு வழக்குப் போடவே முடியாது என்று சொல்லமாட்டோம். ஆனால் ஆட்சேபிக்கச் சந்தர்ப்பம் இருந்தும் அப்போது பேசாமல் இருந்தவர் இடைக்காலத் தடை கேட்டு நிற்கும்போது அவருடைய நிலை பலவீனமாகவே இருக்கும்.

இனி, யாருக்கு எத்தனை வாக்கு என்ற பிரச்சினை. இதில் கிழக்கு மாகாணத்தவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. கனடாவில் எங்கள் உறவுகள் நிறைய வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் சில கட்சிகள் தலைவரைத் தெரிவுசெய்யும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாக்களிக்கிறார். ஆனால் தொகுதி பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. தொகுதிக்குள் ஒருவர் 40 சதவீதம் எடுத்தால் அவருக்கு 40 புள்ளி. உறுப்பினர் குவிந்த நகரம் மட்டும் தலைவரைத் தீர்மானிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இதற்கு ஒரு விலையும் உண்டு. 2018 மார்ச்சில் அந்த மாகாண முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தெரிவில் கிறிஸ்டீன் எலியட் மொத்த வாக்குகளில் முன்னுக்கு நின்றார், புள்ளிகளில் டக் போர்ட் வென்று தலைவரானார். விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. முதலில் முடிவை ஏற்க மறுத்த எலியட்டும் மறுநாள் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

இதையே இங்கே அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? வடக்கு கிழக்கில் தேர்தல் தொகுதிகள் 24. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியோடு சேர்த்து 11, வன்னியில் 3, திருகோணமலையில் 3, மட்டக்களப்பில் 3, திகாமடுல்ல எனப்படும் அம்பாறையில் 4. தொகுதிக்கு 100 புள்ளி என்றால் யாழ்ப்பாணத்துக்கு மொத்தத்தில் 46 சதவீதம், கிழக்கு மூன்று மாவட்டங்களும் சேர்ந்து 42 சதவீதம், திருகோணமலைக்கு பன்னிரண்டரை. தொகுதிக்கு இத்தனை பிரதிநிதி என்று பொதுச்சபையை அமைத்தாலும் இதே விகிதம்தான் வரும். நிர்வாக மாவட்டங்களை அலகாக எடுத்தால் எட்டில் மூன்று கிழக்கு, அதாவது 37.5 சதவீதம், திருகோணமலையின் பங்கு பன்னிரண்டரையாகவே நிற்கும், யாழ்ப்பாணத்தினதும் அதுவாகிவிடும், முல்லைத்தீவும் மன்னாரும் பலம்பெறும். 2024 பாராளுமன்ற ஆசனக் கணக்கை எடுத்தால் யாழ்ப்பாணம் 6, வன்னி 6, மட்டக்களப்பு 5, திருகோணமலை 4, திகாமடுல்ல 7. இதில் கிழக்கு 28இல் 16 ஆகிறது, ஆனால் அந்த ஆசனங்களில் பெரும்பகுதி தமிழ் வாக்காளர் குறைந்த இடங்களுக்குரியது என்று வடக்கு சொல்லும், அது நியாயமான வாதமும்கூட. எந்தக் கணக்கு சரி என்பதில் இதை எழுதும் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. வேட்பாளர்களின் பெயர் தெரிந்தபின் இந்தக் கணக்கைப் பேசத் தொடங்கினால் எல்லோரும் தங்கள் ஆளுக்கு வாய்ப்பான விகிதத்தையே நியாயம் என்பார்கள் என்பதில் மட்டும் ஒரே கருத்து. கட்சியின் முதல் மாநாடு 1951 ஏப்ரலில் கூடிய ஊர் இது. 1952இல் கட்சி வென்ற இரண்டே இரண்டு ஆசனங்களில் ஒன்று திருகோணமலை, மற்றது கோப்பாய். பன்னிரண்டரை சதவீதம் போதுமா என்று கேட்க இவ்வூருக்கு உரிமை இருக்கிறது.

காகிதக் கிளைகளுக்கும் ஒரு பரிகாரம் அந்த 2018 ஒன்ராறியோ விதியில் இருந்தது: நூறு பேருக்குக் குறைவாக வாக்களித்த தொகுதியில் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளிதான். பெயரளவில் இருக்கும் கிளையில் பதினைந்து பேர் சேர்ந்து நூறு புள்ளியை அள்ளிக்கொள்ள முடியாது. எங்கள் அளவுக்கு நூறை ஐம்பதாகவோ முப்பதாகவோ குறைத்துக்கொள்ளலாம்.

மூவர் போட்டியிட்டால் என்ன செய்வது என்பதும் எழுதப்பட வேண்டும். 2024இல் ஒருவர் விலகியதால் இந்தக் கேள்வி எழவில்லை. விருப்பு வரிசை 1, 2, 3 இடுவது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. சனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் அதற்கு இடமுண்டு, 2024 செப்டெம்பரில் முதல் தடவையாக இரண்டாம் சுற்றும் எண்ணப்பட்டது. ஆனால் அங்கே முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே வீச்சில் நீக்கப்படுவார்கள். கனடாவின் மாகாணக் கட்சிகளில் கடைசியாக நிற்பவர் ஒருவர் ஒருவராக நீக்கப்படுகிறார். அல்பேர்ட்டா மாகாணத்தில் 2022 ஒக்டோபரில் கட்சித் தலைமைக்கு ஏழு பேர் போட்டியிட்டு, ஆறாவது சுற்றில்தான் டேனியல் சிமித் பாதியைத் தாண்டினார். நான்கு பேர் நின்றால் இந்த இரண்டு முறைகளும் வெவ்வேறு ஆளைத் தலைவராக்கக் கூடும்.

இன்னொரு பொறி இருக்கிறது. 300 பேர் வாக்களிக்கிறார்கள்: முதலாமவருக்கு 130, இரண்டாமவருக்கு 110, மூன்றாமவருக்கு 60. மூன்றாமவர் நீக்கப்படுகிறார். அவருடைய 60 சீட்டுகளில் 40 இரண்டாமவருக்கும் 10 முதலாமவருக்கும் போகின்றன. 10 சீட்டில் இரண்டாம் விருப்பே இல்லை. இப்போது 150க்கு 140. வென்றது யார்? எஞ்சிய 290இல் பாதிக்கு மேல் என்றால் 146 போதும், இரண்டாமவர் வென்றார். அளிக்கப்பட்ட 300இல் பாதிக்கு மேல் என்றால் 151 வேண்டும், எவரும் வெல்லவில்லை. "அறுதிப் பெரும்பான்மை" என்ற சொல்லை மட்டும் யாப்பில் போட்டுவிட்டு, எதன் பெரும்பான்மை என்று எழுதாவிட்டால் இந்த 10 சீட்டு நீதிமன்றம் போகும். எஞ்சிய செல்லுபடியான வாக்குகள் என்று எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது.

வாக்கெடுப்பு நாளின் ஒழுங்குகள் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. அடிக்கட்டையில் தொடர் இலக்கம், பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டி முத்திரை வைப்பது, கையொப்பத் தொகையும் சீட்டுத் தொகையும் ஒத்துப்போன பின்பே எண்ணத் தொடங்குவது. இரண்டை மட்டும் வற்புறுத்துகிறோம். வாக்களிக்கும் மறைப்புக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோக விடக்கூடாது. சீட்டைப் படம் பிடித்துக் காட்டச்சொல்லும் இடத்தில் இரகசியம் செத்துவிடும். மற்றது, ஒரு மேசையில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 2024இல் போல 321 பேருக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் போகும். பொத்துவிலிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் வந்த முதியவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிடுவார்கள். நான்கு மேசை போட்டால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும்.

பொதுச்செயலாளர் தெரிவு அதே நாளில், அதே பட்டியலில், வேறு நிறச் சீட்டில் நடக்க வேண்டும். எமது தேர்தல் சட்டத்தில் கட்சியின் செயலாளருக்கே கனம் அதிகம். நியமனப் பத்திரத்தில் அவர் ஒப்பமிட வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழு கடிதம் எழுதுவதும் அவருக்கே. அந்தப் பதவியை ஒரு கிழமை தள்ளிவைத்தால், தோற்ற தரப்பு ஈடாக அதைக் கேட்கும், வென்ற தரப்பு இரண்டையும் கேட்கும். கையுயர்த்தி எண்ணவும் கூடாது. சலசலப்பில் ஆட்கள் இடம் மாறுவார்கள், ஒரே வரிசையை இருவர் எண்ணினால் இரண்டு தொகை வரும், மீள எண்ணக் கையில் எதுவும் இராது.

தலைவர் இடையில் விலகினால் பதில் தலைவர் எத்தனை நாள் இருக்கலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். 120 நாள் தாராளம். அதோடு, பதவியில் இருப்பவர் மீதான மீளாய்வு வாக்கெடுப்பும் வேண்டும். அல்பேர்ட்டாவில் ஜேசன் கெனி 2022இல் 51.4 சதவீதம் எடுத்தும், ஒன்ராறியோ லிபரல் கட்சியில் பொனி குரொம்பி 2025 செப்டெம்பரில் 57 சதவீதம் எடுத்தும் விலகல் அறிவித்தார்கள். பாதிக்கு மேல் கிடைத்தும் அது போதாது என்று அவர்களே முடிவுசெய்தார்கள். எங்கள் கட்சிகளில் தலைவரைப் பற்றி உறுப்பினரிடம் இடையில் கேட்கும் வழக்கமே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநாட்டில் ஆம், இல்லை என்று ஒரு சீட்டுப் போடவிட்டால் பத்திரிகை அறிக்கைகளில் நடக்கும் சண்டையில் பாதி அங்கே தீர்ந்துவிடும்.

மேலே சொன்னவற்றில் பலவற்றுக்கு யாப்புத் திருத்தம் தேவை. திருத்தத்தை நிறைவேற்ற வேண்டிய சபையின் அமைப்பே கேள்விக்குள்ளாகியிருந்தால் முதலில் அதை நீதிமன்றத்திலோ இணக்கத்திலோ தீர்க்க வேண்டும். ஆனால் கூட்டக் கொப்பியைத் தேடி எடுப்பதற்கும், அடையாள அட்டை எண்களை ஒரே வடிவத்துக்கு மாற்றுவதற்கும், இறந்தவர்களின் பெயரையும் வெளிநாடு போய்க் குடியேறியவர்களின் பெயரையும் பிரித்து வைப்பதற்கும் எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. திருகோணமலை, மூதூர், சேருவில ஆகிய மூன்று தொகுதிக் கிளைகளும் அந்த வேலையை இந்த மாதமே தொடங்கி, பட்டியலை உறுப்பினர் பார்வைக்கு ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்சி உறுப்பினர்களான வாசகர்கள்,
உப்புவெளி, திருகோணமலை.