ஸ்கோப் பார்த்தவர் யார் என்றும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஆண்களுக்குத்தான் குடலில் கட்டி அதிகம், பெண்கள் அவ்வளவு அவசரப்பட வேண்டாம் என்பதுபோல் முடித்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பினாங்கில் பல ஆண்டுகள் ஸ்கோப் அறையில், அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் அறையில், தாதியாக நின்றவள் நான்.

ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மை. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா கட்டிகளை ஒரு டாக்டர் எத்தனை பேரிடம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் ஓர் அளவு வைத்திருக்கின்றன. 2015-இல் அது 100 ஆண்களில் 30, 100 பெண்களில் 20. 2024-இல் 40, 30 என்று உயர்த்தினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி பத்துதான். டாக்டருக்கும் டாக்டருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வட கலிபோர்னியாவில் 136 டாக்டர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒருவர் 100 பேரில் ஏறக்குறைய 7 பேரிடம் கண்டுபிடித்தார், இன்னொருவர் 52 பேரிடம். இந்த விகிதம் 100-க்கு ஒன்று கூடினால், நோயாளிக்குப் பின்னாளில் குடல் புற்றுநோய் வரும் ஆபத்து 3 விழுக்காடு குறைந்ததாம்.

பெண்களின் குடலில் ஸ்கோப்பை ஓட்டுவது லேசான வேலை இல்லை. குடல் நீளம் அதிகம், நடுப்பகுதி இடுப்புக்குள் தொங்கி வளையும். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் வயிற்றை அழுத்திப் பிடிப்போம், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்போம். அப்படியும் வலி தாங்காமல் பாதியில் நிறுத்தியது உண்டு. பெண்களுக்கு வரும் புற்றுநோயோ வலப்பக்கக் குடலில் ஆண்களைவிட அதிகம். ஸ்கோப் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். அங்கே வரும் கட்டிகளில் சில தட்டையாக, சுவரின் நிறத்திலேயே இருக்கும். அவசரக் கண்ணுக்குத் தெரியாது.

அவசரம் என்றதும் சுவர்க் கடிகாரம் ஞாபகம் வருகிறது. குடலைப் பார்ப்பது ஸ்கோப்பை வெளியே இழுக்கும்போதுதான். அதற்குக் குறைந்தது 6 நிமிடம் என்பது பழைய கணக்கு, இப்போது 8 என்கிறார்கள். நான் வேலை செய்த இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கினால் சிலருக்குக் கை தானாக வேகம் எடுக்கும். மூத்த டாக்டர் ஒருவர் மட்டும் வளைவுக்கு வளைவு நின்று, தண்ணீர் அடித்துக் கழுவி, திரும்பவும் உள்ளே போய்ப் பார்ப்பார். எங்களுக்குப் பசிக்கும்; ஆனால் கட்டிகளை அதிகம் எடுத்தவர் அவர்தான்.

நம் பெண்கள் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேதி மருந்தைப் பாதி முதல் நாள் இரவும், மீதியை மறுநாள் விடியற்காலையும் குடிக்கச் சொல்வோம். வீட்டில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, மீதியைக் குடிக்காமலே வந்து படுப்பார்கள். குடல் சுத்தமில்லை என்றால் எந்தக் கெட்டிக்கார டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது. ஆண் டாக்டர் என்று கேட்டவுடன் தேதியைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. பெண் டாக்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்கில்) மலப் பரிசோதனை செய்து, இரத்தம் இருக்கிறது என்று ஸ்கோப்புக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். முடிந்ததும் "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். குடலின் கடைசி வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா, வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று கேளுங்கள். அறிக்கையிலேயே எழுதியிருக்க வேண்டிய விவரங்கள்தாம் இவை.

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு டாக்டரின் கண்டுபிடிப்பு விகிதத்தையும் நோயாளிகளுக்குத் தெரியப்படுத்துங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக. ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண் நோயாளிகளை அதிகம் பார்ப்பவர் சும்மாவே திறமைசாலியாகத் தெரிவார். பெண்களைப் பொறுமையாகப் பார்க்கும் டாக்டருக்கு வீண் கெட்ட பெயர் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஜெலுத்தோங், பினாங்கு