பிரசவத்துக்கு முன்பே சொல்லப்பட வேண்டிய வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெறப்போகும் குழந்தையை வளர்க்க இயலாத நிலையில் இருக்கும் ஒரு பெண், அக்குழந்தையைச் சட்டப்படி ஒப்படைத்து, வேறொரு குடும்பத்துக்குத் தத்துப் போகச் செய்ய முடியும் என்பது நம் மாநிலத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது குழந்தை பிறந்த பிறகு யோசிக்க வேண்டிய காரியம் என்றே எண்ணுகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இந்தப் பேச்சு கர்ப்ப காலத்திலேயே தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே எழுதுகிறேன். பிறந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடும் அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி, உடல், மனம், சமூகம் சார்ந்த, தம் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களால் குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையுடன் சென்று ஒப்படைக்கலாம். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, விசாரித்து, ஆலோசனை வழங்கி, முடிவு உறுதியானது என்று நம்பிய பின்னரே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும். அதன் பிறகும் இரண்டு மாதம் மறுபரிசீலனைக்கு விடப்படுகிறது. அந்தக் காலத்தில் தாய் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். குழந்தை அதுவரை சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனத்தின் பராமரிப்பில் இருக்கலாம், அல்லது மேற்பார்வையின் கீழ்த் தாயிடமே இருக்கலாம். இரண்டு மாதம் முடிந்த பிறகுதான் குழு அக்குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கும். அதன் பின் திரும்பக் கேட்க இயலாது. யார் வளர்க்கப் போகிறார்கள் என்பதைப் பெற்றவள் தீர்மானிப்பதில்லை. மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையமான காராவில் பதிவுசெய்து காத்திருப்போரில் வரிசைப்படி ஒருவருக்கு அந்தக் குழந்தை செல்கிறது.

குழந்தை பிறந்த பிறகே இவை அனைத்தும் நடக்கும் என்பது உண்மைதான். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் யாரும் ஒப்படைப்புப் பத்திரம் எழுதிவிட முடியாது. ஆனால் தகவல் கேட்பதற்கும் ஆலோசனை பெறுவதற்கும் பிரசவம் வரை காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐயோ, பெண்களுக்கான 181-ஐயோ அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம். பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்தால், குழந்தையைக் குழுவின் முன் கொண்டு செல்வதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே பேசி வைக்கலாம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஏறத்தாழ 29 வாரக் கர்ப்பத்துடன் வந்த ஒரு மாணவியின் வழக்கில், பிரசவத்துக்கான ஏற்பாட்டையும் அதன் பின்னர் காராவில் பதிவுசெய்த தம்பதிக்குக் குழந்தை தத்துப் போவதற்கான ஏற்பாட்டையும் பிறப்புக்கு முன்பே வகுத்துக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தால் செய்தது அது. ஆயினும் கர்ப்ப காலத்திலேயே திட்டமிடுவது முறையற்ற செயல் அல்ல என்பதை அந்த உத்தரவு தெளிவாகக் காட்டியது.

பெண்களைத் தடுப்பது பெரும்பாலும் போலீஸ் பயம். குழந்தையைத் தர வந்தேன் என்று வாய் திறந்தால் வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சி, பேருந்து நிலையத்திலும் புதரிலும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட குழந்தை தொடர்பான விசாரணையில் பெற்ற தாய் தந்தை மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கூடாது என்று 38-ஆவது பிரிவே சொல்கிறது. கைவிடப்பட்ட குழந்தை குறித்த விசாரணைக்கும் இதே பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது என்றாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 93-ஆவது பிரிவு, பிள்ளையை வெளியிடத்தில் போட்டுவிட்டுச் செல்வதை ஏழு ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றமாக வைத்திருப்பதால், அந்தப் பாதையில் போகிறவர்கள் ஆபத்தைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேடுவதற்காக அதன் புகைப்படம் நாளிதழில் விளம்பரமாக வெளியிடப்படும். முறையாக ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு அப்படி எந்த விளம்பரமும் கிடையாது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று ஒளிந்து போடுகிறவளின் குழந்தைதான் ஊர் பார்க்கும் படமாகிறது.

எங்கள் சேலம் மாவட்டத்தில் 1992-இல் தொடங்கி, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி ஆகிய மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க மாட்டேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த அந்தத் தொட்டில் அன்றைக்குத் தேவையாக இருந்தது. ஆனால் தொட்டிலில் யாரும் அறியாமல் விடப்படும் குழந்தையோடு தாயின் உடல்நல வரலாறும் வராது, மறுபரிசீலனைக்கு அவளைத் தேடிச் செல்லவும் வழி இராது. குழுவின் முன் பேசி ஒப்படைத்தவளுக்கு இவை இரண்டும் உண்டு.

தரகர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தைகளை விலை பேசும் ஒலிப்பதிவு வெளியானபோது நாடே அதிர்ந்தது. எனக்கு அது செவிலியர் உடை அணிந்த எல்லோர் மீதும் விழுந்த கறையாகப் பட்டது. குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனை ஊழியர் செய்தால் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின்படி நேரடியாகத் தத்துக் கொடுக்கும் வழியும் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. ஆகவே பிரசவச் செலவுக்கு என்று சொல்லி ஒரு தொகையை நீட்டி, முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பவரை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

கையெழுத்து யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். திருமணமாகாத தாயின் குழந்தையை அவள் மட்டுமே ஒப்படைக்க முடியும். அவளுடைய அம்மாவோ அப்பாவோ அண்ணனோ அவளுக்காகக் கொடுத்துவிட முடியாது. தாய்க்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காவிட்டால், உடன் வரும் பெரியவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார். அப்படிப்பட்ட பெண்ணின் விஷயத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் முன்னரே சொல்லிவிட வேண்டும். தாயின் சம்மதம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கேரளத்தில் 2021-இல் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர், தம் பெற்றோரே தமக்குத் தெரியாமல் குழந்தையை அப்புறப்படுத்திவிட்டதாகப் புகார் கூறிப் போராடினார். அதற்குள் ஆந்திரத் தம்பதியிடம் சேர்ந்துவிட்ட அந்தக் குழந்தை, மரபணுச் சோதனைக்குப் பிறகு தாயிடம் திரும்பியது. வளர்க்கத் தொடங்கிய அந்தத் தம்பதியின் வேதனையையும் யாரால் அளக்க முடியும்?

ஆலோசனை என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்படைப்பைத் தவிர்த்துக் குழந்தையைத் தாமே வளர்க்கும் வாய்ப்புகளைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அது நல்ல விதி. வறுமை மட்டுமே காரணம் என்றால், உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் காட்டினால் பலர் குழந்தையை வைத்துக்கொள்வார்கள். ஆனால் “பெத்த பிள்ளையைக் கொடுக்க மனசு எப்படி வருது?” என்று கேட்பது ஆலோசனை ஆகாது. அந்தக் கேள்வியை நான் பிரசவ அறைகளில் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்ட பெண் அதற்குப் பிறகு நம்மிடம் வாயே திறப்பதில்லை. இரகசியம் காக்கப்படும் என்று அவளுக்கு உறுதி சொல்லலாம், அது உண்மையும்கூட. பிற்காலத்தில் பிள்ளை வளர்ந்து தன் வேர்களைத் தேடி வந்தாலும், ஒப்படைக்கும்போது தன் அடையாளத்தை மறைத்து வைக்கக் கேட்டுக்கொண்ட தாயின் சம்மதம் இல்லாமல் அவளைப் பற்றிய விவரம் தரப்படாது.

எனவே சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது இதுதான். தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாக் கர்ப்பங்களும், கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் அரசின் இணையதளமான பிக்மி வழியாகப் பதிவாகின்றன. கிராம சுகாதாரச் செவிலியரைச் சந்திக்காமல் எந்தக் கர்ப்பிணியும் பிரசவம் வரை போவது அரிது. அந்தப் பதிவின்போதே, இரத்தச் சோகைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கேட்பதுபோல, குழந்தையை வளர்ப்பதில் உங்களுக்கு ஏதேனும் சிரமம் உண்டா என்று தனியாக அழைத்துக் கேட்கச் செவிலியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். தாய் சேய் நல அட்டையிலும் பிரசவ வார்டின் சுவரிலும் 1098 என்ற எண்ணையும், ஒப்படைப்பது குற்றம் அல்ல என்ற ஒரு வரியையும் அச்சிட வேண்டும். திருமணமாகாத பெண் தந்தையின் பெயரைச் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இலேயே கூறிவிட்டதால், பதிவு மேசையில் கணவன் பெயரைக் கேட்டு அவளை விரட்டும் பழக்கமும் நிற்க வேண்டும்.

கடைசியாக, மாநில அரசு காராவுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஒன்று. திருமணமான பெண்ணின் குழந்தை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். கணவன் இறந்திருந்தால் அதற்குச் சான்று காட்ட வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால், மனைவி நேரில் வந்து ஒப்படைத்தாலும் அது கைவிடப்பட்ட குழந்தையாகவே கருதப்பட்டு, படத்துடன் விளம்பரம் வரை செல்கிறது. கணவன் கைவிட்டுப் போன பெண்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர். குழந்தையின் எதிர்காலத்துக்காகக் குழுவின் முன் துணிந்து வந்து நிற்கும் அந்தப் பெண்ணை, குழந்தையைப் போட்டுவிட்டு ஓடியவள் வரிசையில் வைக்கும் இந்த விதியைத் திருத்தும்படி நம் சமூக நலத் துறை எழுத்து மூலம் கோர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
சேலம் மாவட்டம்.