உறையைப் பிரித்தவர் கையெழுத்துப் போடட்டும்

புதுச்சேரி, கடலூர் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கும், புதுச்சேரியின் மாநிலங்களவை உறுப்பினருக்கும் வணக்கம்.

நான் முப்பத்தொரு வருடம் தபால் துறையில் இருந்தவன். பாதிக் காலம் சைக்கிளில் பீட், அதாவது தெருத்தெருவாகத் தபால் கொடுக்கும் வேலை. மீதிக் காலம் உள்ளே சார்ட்டிங், ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்து அடுக்குவது. கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். மகளைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அதனால் உங்கள் இரண்டு தொகுதியுமே எனக்குச் சொந்த ஊர்தான். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. அரசு ஒருவருடைய கடிதத்தைப் பிரிக்க வேண்டுமென்றாலும் சரி, போனை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றாலும் சரி, அதற்கான ஆணையில் ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கு அப்படி இல்லை. சட்டத்தை மாற்றும் இடத்தில் நீங்கள் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தபால் பை நனைந்து வரும். உறை ஊறிப்போய் ஓரம் விட்டுக்கொள்ளும். அந்தக் கடிதத்தைப் பேசாமல் ஒட்டி அனுப்பிவிட முடியாது. போஸ்ட் மாஸ்டரிடம் காட்ட வேண்டும். ‘கிழிந்த நிலையில் வந்தது’ என்று உறை மேலேயே எழுதி, ஒட்டி, கையெழுத்தும் தேதி முத்திரையும் போட்ட பிறகுதான் பீட்டுக்குப் போகும். வாசலில் அதை வாங்குகிறவர் முதலில் கேட்பது, “யாருங்க பிரிச்சது?” என்றுதான். “மழைங்க. இதோ, சார் கையெழுத்துப் போட்டிருக்காரு பாருங்க” என்று காட்டுவேன். மழை பிரித்த உறைக்கே இத்தனை பொறுப்பு. அரசு பிரித்தால் மட்டும், வாங்குகிறவருக்குக் கடைசிவரை தெரியாது.

என் பீட்டில் ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டிய ஒரு ஊர் இருந்தது. அங்கே ஒரு அம்மா. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஊரில் அழுகிய முட்டை நாற்றம் எழும்பும். அவர் அதைத் தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் குறித்து வைப்பார். மாதம் இரண்டு மூன்று பதிவுத் தபால் போவது அந்த நோட்டிலிருந்துதான். அவரோடு ஐந்தாறு பெண்களும் கையெழுத்துப் போடுவார்கள். ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்ததும் ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வார். அப்படி இருக்கையில் ஒருநாள் சாதாரண உடுப்பில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அந்த அம்மா யார் யாருக்குத் தபால் போடுகிறார், வெளியூரிலிருந்து யார் எழுதுகிறார்கள் என்று விசாரித்தார். கையில் தாள் எதுவும் இல்லை. அன்றிருந்த போஸ்ட் மாஸ்டர் நிதானமானவர். “எழுத்துல குடுங்க சார், மேல கேட்டுச் சொல்றேன்” என்றார். வந்தவர் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

அடுத்த வாரம் அந்த அம்மா திண்ணையில் காத்திருந்தார்.

“அண்ணே, என்னப் பத்தி யாரோ கேட்டாங்களாமே?”

“ஒண்ணும் சொல்லலம்மா. தைரியமா இருங்க.”

“நீங்க சொல்லல, சரி. அவங்க கேட்டுட்டாங்க இல்ல. பெரியவன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கான். நாளைக்கு வெரிஃபிகேஷனுக்கு இதே ஆளுங்கதானே வருவாங்க?”

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு பதிவுத் தபாலும் போகவில்லை. கூடக் கையெழுத்துப் போட்டவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். நாற்றம் மட்டும் வந்துகொண்டுதான் இருந்தது. கைது இல்லை, வழக்கு இல்லை, ஒரு உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கேட்டார்கள் என்று காதில் விழுந்ததே போதுமாக இருந்தது. அரசு வேவு பார்ப்பதால் அரசியலில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு ஊர் மனுப் போடுவதை நிறுத்திவிடும்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்தபோது பிரெஞ்சு மண்ணில் அவரைப் பிடிக்க ஆங்கிலேயருக்கு வழியில்லை. ஒற்றர்களைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினார்கள். அவருடைய ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் வராமல் தடுத்தார்கள். வாசகர் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? 1910 மார்ச்சில் நின்றுபோனது. 1918 நவம்பரில் அவர் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்து, இங்கே கடலூரில்தான் சிறை வைத்தார்கள்.

அந்தக் காலத்து அஞ்சல் சட்டம் 1898ஆம் வருடத்தது. அதன் 26ஆவது பிரிவுதான் கடிதத்தை இடைமறிக்கும் அதிகாரம். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு, பொது அமைதி ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பிரிக்கலாம். 1986இல் அந்த அதிகாரத்தை இன்னும் விரித்து நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமலே வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்த ராஜாமடத்துக்காரர் ஆர். வெங்கட்ராமன் 1990 ஜனவரியில் அதைத் திருப்பி அனுப்பினார். 2002இல் மசோதாவே வாபஸ் ஆனது. அந்த நாட்களில் எங்கள் டீக்கடையில் தபால்காரர்கள் இதைப் பற்றித்தான் பேசுவோம். நம் தலையில் விழவிருந்த பழி தப்பியது என்று நினைத்தோம்.

தப்பவில்லை. 2023 டிசம்பரில் புதிய அஞ்சல் சட்டம் வந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆவது பிரிவைத் தயவுசெய்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பதோடு, இந்தச் சட்டத்தையோ ‘வேறு எந்தச் சட்டத்தையோ’ மீறினாலும் தபாலை இடைமறிக்கலாம், திறக்கலாம், நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறது. வேறு எந்தச் சட்டத்தையோ என்றால் எதுதான் மிச்சம்? அந்த ஆணையை யார் மறுபரிசீலனை செய்வது, எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. இந்த மசோதா மக்களவையில் நிறைவேறிய நாள் டிசம்பர் 18. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதே வாரத்தில், போனை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் அடங்கிய தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறியது.

போன் விஷயத்தில் ஏதோ கொஞ்சம் விதிமுறையாவது இருக்கிறது. அதுவும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. 1996இல், அதுவும் ஒரு டிசம்பர் 18, பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் ஒட்டுக்கேட்பு தனிமனித உரிமைக்குள் நுழைவது என்று தீர்ப்பு வந்தது. உள்துறைச் செயலாளர் ஆணை போட வேண்டும், ஒரு குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். நீதிபதியின் முன்அனுமதி வரை அன்று போகவில்லை. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இரண்டு செயலாளர்களும். ஆணை போடுபவரும் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, மத்திய அரசு மட்டும் மாதம் சராசரியாக 7,500 முதல் 9,000 ஆணைகள் வரை போடுவதாக முன்பு பதில் வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக மத்திய அரசு அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் இதைச் சுட்டிக்காட்டி, ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை என்று எழுதியது. எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஒரு ஆணைக்கு இரண்டு வினாடி கிடைக்காது. நல்ல சார்ட்டர் ஒருவர் பின்கோடைப் பார்த்துக் கடிதத்தைச் சரியான அறையில் போட அந்த நேரம் போதும். ஒரு மனிதரின் பேச்சை இரண்டு மாதம் கேட்கலாமா என்று முடிவு செய்யவும் அதே நேரம்தானா?

நீங்கள் அரசியலில் இருப்பவர்கள், உங்கள் ஆட்கள் மாட்டியபோது என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். போன் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். ராஜீவ் காந்தி வீட்டருகே ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் நின்றதைக் காரணம் காட்டி எழுந்த புயலில் 1991 மார்ச்சில் பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். தலைவர்களை வேவு பார்த்தால் ஆட்சி ஆட்டம் காண்கிறது. என் பீட்டில் இருந்த அந்த அம்மாவுக்காக எந்த அவையும் ஒத்திவைக்கப்படவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஆதாரோடு இணைத்த கைபேசி எண்களுக்கு மட்டும் பா.ஜ.க.வின் பிரச்சாரச் செய்திகள் வருகின்றன என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிய எண்கள் என்று கட்சி மறுத்தது. நீதிமன்றம் அதோடு விடாமல், ஆதார் ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது. உண்மை எந்தப் பக்கமோ, அரசிடம் கொடுத்த எண் யார் கைக்குப் போகிறது என்ற சந்தேகம் வாக்காளர் மனதில் விழுந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஒரு நீதிபதிதான் வேண்டியிருந்தது.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்பீர்கள். பிடியுங்கள். பார்சலில் வரக்கூடாதது வந்ததை நானே பார்த்திருக்கிறேன், அப்போது கூட நின்று பிரித்தும் இருக்கிறேன். ஆனால் 2011இல் மத்திய உள்துறை போட்ட ஒரு ஒட்டுக்கேட்பு ஆணையைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிக்க என்று மட்டும் ரகசியமாகக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது அந்தத் தீர்ப்பு. நல்ல தீர்ப்பு. ஆணை போட்டுப் பதினான்கு வருடம் கழித்து வந்த தீர்ப்பு. முதல் நாளே ஒரு நீதிபதி அதைப் பார்த்திருந்தால்?

ஆகவே அஞ்சல் சட்டத்தின் 9ஆவது பிரிவுக்கும் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆவது பிரிவுக்கும் தனிநபர் மசோதாவாக, அதாவது அரசு கொண்டுவராமல் உறுப்பினரே கொண்டுவரும் மசோதாவாக, திருத்தம் கொண்டுவாருங்கள். அவசரமென்றால் அதிகாரி ஆணை போடட்டும், ஒரு வாரத்துக்குள் நீதிபதி முன் வைக்கட்டும். விசாரணை முடிந்த பிறகு, ‘உங்கள் தபாலைப் பிரித்தோம், உங்கள் போனைக் கேட்டோம், ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று அந்த மனிதருக்கு ஒரு கடிதம் போகட்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு எத்தனை ஆணை, எத்தனை ரத்து என்ற எண்ணிக்கை அவையில் வைக்கப்படட்டும். தனிநபர் மசோதா நிறைவேறுவது அரிது என்று தெரியும். கேள்வி நேரம் இருக்கிறது. புதிய அஞ்சல் சட்டம் வந்தபின் கடலூர், புதுச்சேரிக் கோட்டங்களில் எத்தனை தபால்கள் இடைமறிக்கப்பட்டன என்று அடுத்த கூட்டத்தொடரிலேயே கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்பதாவது அவைக்குறிப்பில் ஏறும்.

இந்த மடலை உங்கள் மூவருக்கும் தபாலிலும் அனுப்புகிறேன். பதிவுத் தபாலை 2025இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் விரைவுத் தபால்தான். ஓரங்களை நானே பசை தடவி, இரண்டு முறை அழுத்தி ஒட்டியிருக்கிறேன். உறை விட்டுக்கொண்டு வந்தால், அதன்மேல் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.