குப்பைமேட்டுக் காடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படிதான் ஆகவில்லை. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டாயாமே? இனி கல்லாவை எட்டிப் பார்க்கமாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவேண்டுமாக்கும்!

வீட்டோடு கிடந்த நாட்களில் தென் அமெரிக்காவிலுள்ள பொலிவியாவைப் பற்றிப் படித்தேன். சிரிக்காதே. அந்நாட்டின் வடகிழக்கில், பெனி பகுதியில், மோஹோஸ் சமவெளி என்று பெரிய புல்வெளி இருக்கிறது. மழை வந்தால் மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும், அப்புறம் காய்ந்து கிடக்கும். எங்கும் வண்டல்தான், கல் கிடைப்பது அரிது.

நடுநடுவே தீவுபோல மரக்கூட்டங்கள். தோண்டிப் பார்த்தால் பலவற்றின் அடியில் கரி, சுட்ட மண், நத்தை ஓடு, எலும்பு. எல்லாம் பழைய அடுப்படிக் கழிவு! ஆட்கள் தங்கி, சமைத்து, கொட்டிக் கொட்டியே தரை கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் வேர் அழுகாமல் மரம் பிடித்துக்கொள்ள அது போதும். இப்படி மனிதரால் உண்டானவை மட்டும் குறைந்தது 4,700 என்று ஆய்வாளர் உம்பெர்த்தோ லொம்பார்தோ குழுவினர் 2020இல் எழுதினார்கள்.

என்ன பயிரிட்டார்கள் என்று கண்டுபிடித்த விதம்தான் அருமை. கிழங்கும் காயும் அந்த ஈரத்தில் மக்கிப்போகும். ஆனால் நெல் தாள் கையைக் கீறுமே, அதற்குக் காரணமான சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள், பல செடிகளில் உண்டு; அது மக்காது. செடிக்குச் செடி அதன் துகள் வடிவம் வேறு. நுண்ணோக்கியில் பார்த்து, மரவள்ளி சுமார் 10,350 ஆண்டுகளுக்கு முன்பும், பரங்கி வகை 10,250 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். மக்காச்சோளம் பிறகுதான், 6,850 ஆண்டுகளுக்கு முன்பு.

முதலில் யாரும் திட்டம்போட்டு மேடு கட்டியிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். குப்பையில் விழுந்த பரங்கி விதை தானாக முளைத்துக் கொடியோடுவதை நம் கொல்லையிலேயே பார்க்கவில்லையா? கட்டியதெல்லாம் வெகுகாலம் கழித்து. கி.பி. 500 முதல் 1400 வரை அங்கு வாழ்ந்த கசராபே மக்கள் 22 மீட்டர் உயரத்துக்குக்கூட மண்மேடு எழுப்பினார்கள். காட்டுக்குள் மறைந்திருந்த அவர்களுடைய ஊர்களின் அமைப்பு, வானிலிருந்து லேசர் கொண்டு அளந்தபோதுதான் தெளிவாகத் தெரிந்ததாம். 2022இல் வெளியான செய்தி.

சரி, தை பிறந்ததும் வருவாய்தானே? வரும்போது உன் வீட்டுப் பரங்கி விதை கொஞ்சம் எடுத்து வா. போன வருஷம் நீ தந்ததை அணில் தின்றுவிட்டது.

உன்,
கணேசன்